டீச்சரைப் பார்த்து யாரும் பாவப்பட வேண்டாம்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. டீச்சரின் பணி நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "வேலை, ஊர்னே இருந்துட்டாங்க, தனக்குன்னு ஒரு வாழ்க்கைய அமைச்சுக்கல, பாவம்" என்று உருகினாரே, அதுதான். கீழே வரிசையாக அழுகை எமோஜி வேறு.

ஐயா, இதில் பாவப்பட என்ன இருக்கிறது? அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. ஊரே பார்த்த வாழ்க்கை. பகலில் மாநகராட்சிப் பள்ளியில் பாடம், பள்ளி விட்டதும் கையில் மனு. தெருவில் குப்பை குவிந்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு முதலில் போன் போடுவது அவர்தான். புகார் எண்களைக் குறிக்கவே ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். ரசீதில் சீல் மங்கலாக விழுந்தால், "தம்பி, இன்னொரு தடவை அழுத்திக் குத்துப்பா" என்று திருப்பி நீட்டுவார். சிரித்துக்கொண்டேதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எர்ணாவூர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே. ரேஷன் கார்டு இல்லாததால் 6,000 ரூபாய் நிவாரணம் கிடைக்காமல் நின்றவர்களுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு போகாத படிக்கட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் இவர். சிறப்பு விருந்தினர் அன்றைக்கு எங்கே இருந்தார் என்று நான் கேட்க மாட்டேன். மரியாதையாக இருக்காது.

எனக்கும் ஒரு கதை இருக்கிறது. பிளஸ் டூ முடித்த சமயம், சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் என்னோடு வந்து நின்றார். எனக்கு அப்பா இல்லை, அம்மா காசிமேட்டில் மீன் ஏலத்தில் இருந்தார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். "நாளைக்கு இவளுக்குக் கவுன்சிலிங் சார், நாங்க இங்கயே உக்காந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் சான்றிதழ் கைக்கு வந்தது. இந்த மனுஷிக்கா வாழ்க்கை இல்லை?

"நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்" என்பீர்கள். சரி, இருக்கட்டும். காமராஜர் கல்யாணம் செய்துகொள்ளாததை இதே மேடைகளில் கைதட்டலுக்காகச் சொல்கிறோம். டீச்சர் என்றால் மட்டும் கர்ச்சீப் தேடுகிறோம். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம், நம் வடசென்னைப் பெண்தான் மேயர் என்று பெருமையடித்த அதே வாய்தான் அடுத்த நிமிஷமே உச்சுக் கொட்டியது.

"அப்போ குடும்பமே வேண்டாமா?" நான் எங்கே அப்படிச் சொன்னேன்? முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் படிப்பை முடித்தவர். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் 1914-இல் கல்யாணம் செய்துகொண்டார். 1927-இல் சட்டமன்றம், 1930-இல் அவ்வை இல்லம், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, எல்லாம் அதற்கு அப்புறம். அந்த மாதிரி ஆள் கிடைத்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்?

"வயசான காலத்தில் யார் பார்ப்பாங்க?" நாலு பிள்ளை பெற்றவர்களை யார் பார்க்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. "இப்படியே இருந்தா டீச்சர் மாதிரி ஆயிடுவ" என்று சித்தி மிரட்டுகிறார். ஆகிவிட்டுப் போகிறேனே! என் சம்பளத்தில் தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்டியபோது ஒருத்தரும் என்னைப் பாவம் என்று சொல்லவில்லை. "எங்க வீட்டு ஆம்பளப் புள்ள" என்று மெச்சினார்கள். அவன் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் நான் பாவமாகிவிட்டேன்.

டீச்சருக்குப் போன் செய்து வீடியோவைப் பற்றிப் பொரிந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அத விடும்மா, கொடுங்கையூர்ல குப்பை எரிக்கிற உலை வேணாம்னு கையெழுத்து வாங்கணும், உங்க தெருவ நீ பாத்துக்கிறியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். சிறப்பு விருந்தினர் வீடும் எங்கள் தெருவில்தான். பேனா நாங்களே கொண்டு வருகிறோம்.