நோய் திரும்பினால் நோயாளிக்கு ஏன் விசாரணை?

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்னும் மூட்டு நோய்) அடங்கிச் சில வருடங்கள் நன்றாக நடமாடிய ஒருவருக்கு மறுபடி மூட்டு வீங்கினால் போதும், வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. என்ன சாப்பிட்டாய்? பச்சைத் தண்ணீரில் துணி துவைத்தாயா? மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா? சென்ற மழைக்காலத்தில் எனக்கும் இது நடந்தது. பெரியம்மா ஊரிலிருந்து போன் செய்து, கத்தரிக்காய்தான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். வாரத்துக்கு ஒரு நாள் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட், வேறொரு நாள் அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் அமிலம், எதையும் நான் விட்டதில்லை. ஆனாலும் திரும்பியது.

இப்படித் திரும்பும் என்பது மருத்துவ உலகம் அறிந்த சங்கதி. நெதர்லாந்து மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தால் நோய் நன்கு கட்டுப்பட்டிருந்த 285 பேர். சிலருக்கு அதே மருந்து தொடர்ந்தது; மற்றவர்களுக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரை. ஓராண்டில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. "நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் ஏன் மாத்திரை?" என்று கேட்பவர்களுக்கு அது பதில். மருந்தை விடாதவர்களிலும் 22 சதவீதம் பேருக்குத் திரும்பியதே, அது பெரியம்மாவுக்கான பதில். அத்தனை டச்சுக்காரர்களும் கத்தரிக்காயா சாப்பிட்டிருப்பார்கள்?

மருந்தைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோய் தணிந்திருந்தவர்களைக் கொண்டு நார்வேயில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. முழு அளவில் தொடர்ந்தவர்களில் ஓராண்டில் 6 சதவீதம் பேருக்கும், பாதியாகக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் நோய் தலைதூக்கியது. அதாவது முக்கால்வாசிப் பேர் பாதி அளவிலேயே அந்த ஆண்டைக் கடந்திருக்கிறார்கள். ஆனால் யார் அந்த முக்கால்வாசியில் இருப்பார் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே குறைப்பது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்கட்டும், சொந்தக்காரர்களின் யோசனையில் வேண்டாம்.

இந்த விசாரணையில் அதிகம் அடிபடுபவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு முடக்குவாதம் தானாகவே தணிகிறது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்புகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் இந்தத் தணிவைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிப் போனவர். அந்தத் தேடல்தான் 1948இல் கார்ட்டிசோன் என்னும் ஹார்மோன் மருந்துச் சிகிச்சைக்கும், 1950இல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோய்விட்டது. அந்த மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியதை அவரும் பார்த்தார். நம் வீடுகளிலோ, "பச்சை உடம்புக்காரி பத்தியம் இருக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

புகைபிடிப்பவரைப் பார்த்துக் கேள்வி கேட்டால் ஒப்புக்கொள்வேன். அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு குறை. உடம்பின் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக வந்த நாளில் "ரொம்ப நல்லது" என்று அனுப்பிவிடுகிறார்கள். நோய் திரும்பக்கூடும், காலையில் விரல்கள் விறைத்து வெகுநேரம் விடாவிட்டால் அடுத்த தேதிவரை காத்திராமல் வாருங்கள் என்று அன்றைக்கே சொல்லலாமே. யாரும் சொல்லாதவர்களுக்கு நான் சொல்கிறேன்: வீங்கிய அன்றே கையை போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருந்தாலும், படத்தைக் காட்டிப் பேசலாம்.