பாம் ஜுமேரா பாலைவன மணலால் ஆனதா?

துபாயின் பாம் ஜுமேரா தீவை, பாலைவன மணலை லாரி லாரியாக அள்ளிக் கொட்டி உருவாக்கினார்கள் என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

பக்கத்திலேயே பாலைவனம் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்ட அந்த மணல், கடலுக்குள் கொட்டினால் ஒன்றையொன்று பிடித்து நிற்காது. அதனால் 2001-இல் வேலை தொடங்கியபோது, தூர்வாரும் கப்பல்கள் பாரசீக வளைகுடாவின் அடியிலிருந்தே மணலை உறிஞ்சி, தீவு வரவேண்டிய இடத்தில் வானவில் போல வளைத்துப் பீய்ச்சின. மொத்தம் சுமார் 9.4 கோடி கன மீட்டர். அப்புறம் அதிர்வுக் கருவிகளை ஆழத்தில் இறக்கி அதை இறுக்கினார்கள். இல்லாவிட்டால் மேலே சொகுசு வில்லா நிற்குமா?

நிலத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது, சுற்றிலும் உள்ள அலைதடுப்புச் சுவருக்கான பாறைகளைத்தான். சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுவரால் உள்ளே தண்ணீர் தேங்கும் என்பதால், நடுநடுவே இடைவெளி விட வேண்டியதாயிற்று.