முன்னின்று நடத்துவது என்றால் என்ன?

நம் ஊர்ப்பக்கம் ஒரு திருமணத்தை இன்னார் முன்னின்று நடத்தினார் என்றால், பந்தல்கால் முதல் பந்திச் செலவு வரை அவர் கைப்பணம் போயிருக்கிறது என்றே பொருள். 2024 நவம்பரில் அஜர்பைஜானின் பாகு நகரில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாடு, வளரும் நாடுகள் காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்காக 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கு வைத்தபோது, வளர்ந்த நாடுகள் அதில் 'முன்னிற்கும்' என்றுதான் எழுதியது. ஆனால் அந்தப் பணம் அரசு, தனியார், வங்கி என எங்கிருந்தும் வரலாம். கடனாக வரக்கூடாது என்றும் நிபந்தனை இல்லை.

இதன் வேர் 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதன் 9-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, வளர்ந்த நாடுகள் நிதி வழங்க வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது; மூன்றாவது உட்பிரிவோ, நிதி திரட்டுவதில் அவை முன்னிற்க வேண்டும் என்று மென்மையாகச் சொல்கிறது. பாகுவில் பணக்கார நாடுகள் பற்றிக்கொண்டது மூன்றாவதைத்தான்.

வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். கடைசி நேரத்தில் சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தை அறையை விட்டு வெளியேறினார்கள். ஞாயிறு அதிகாலையில், இந்தியா பேச வாய்ப்புக் கேட்டிருந்தும், தலைவர் சுத்தியலைத் தட்டித் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார்; அதற்குப் பிறகே பேச முடிந்த இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா, அந்த ஆவணத்தை வெறும் கண்மாயம் என்றார். அவருடைய கோபம் நியாயமானது. 2009-இல் கோபன்ஹேகனில் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று கொடுத்த வாக்கே 2022-இல்தான் நிறைவேறியது, அதிலும் பெரும்பகுதி கடன். மொய்ப்பணத்துக்குக்கூட நாம் வட்டி கேட்பதில்லை.

ஆனாலும் டெல்லியை நான் முழுமையாக வாழ்த்தமாட்டேன். 2035-க்கான தன் பசுங்குடில் வாயு உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தை இந்தியா கெடு முடிந்த பிறகும் கொடுக்காமல் இழுத்தடித்தது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில் அடுத்த மாநாடு கூடியபோதும் அது வந்து சேரவில்லை. அதே மாநாட்டுக்கு அமெரிக்க அரசு அதிகாரபூர்வக் குழுவையே அனுப்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் அடுத்தவரிடம் கணக்குக் கேட்கப் போகிறவர், தன் கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டாமா?