அம்மாவின் பிடி அரிசி நோட்டு

அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. அடக்க ஆராதனையில் வாசிக்கப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு என் மேசையில் இருக்கிறது. மொத்தம் பதினோரு வரிகள். அவற்றுள் மூன்று அப்பாவின் மில் வேலையைப் பற்றியவை. நான்கு, பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் என்ன படித்தோம், எங்கே பணிபுரிகிறோம் என்பதைச் சொல்பவை. மீதியில் அம்மா பிறந்த தேதி, திருமண நாள், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கை. 'அன்பான மனைவி, அருமையான தாய், ஜெபிக்கிற ஸ்திரீ' என்று கடைசி வரி முடிகிறது. இவற்றில் எதுவும் பொய் அல்ல. ஆனால் வடசென்னைப் புளியந்தோப்பில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்த வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாளை எழுதியபோது நானும் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அதிகாலையில் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கல்லறையிலிருந்து வீடு திரும்பிய பிறகு அப்பாதான் அண்ணனிடம் கேட்டார்: "அவளப் பத்தி எழுதச் சொன்னா, என்னைப் பத்தி எழுதி வெச்சிருக்கீங்களேப்பா." அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

அம்மாவின் பிறந்த வீடு வெஸ்லியன் வழி வந்தது; ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கம் இங்கிலாந்து மிஷன் வழியாக இங்கே வந்த கிளை அது. 1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மிஷனரி மதராசுக்கு வந்ததிலிருந்து தொடங்கும் வழி அது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இங்குள்ள வெஸ்லியன் சபைகள் அதில் இணைந்துவிட்டன. அமெரிக்க மிஷன் வழியாக வந்த மெதடிஸ்ட் சபைகள் இணையாமல் தனியே நின்றன. அப்பாவின் குடும்பம் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. ஆக, அம்மா திருமணமாகி வந்தது அவருக்கு ஓரளவு பழக்கப்பட்ட வீட்டுக்குத்தான். பாட்டு ஒன்று, ஜெபம் ஒன்று, ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனையும் ஒன்று. அந்த ஆராதனையில், என்னை எந்த வேலையில் வைத்தாலும் சரி, வேலையே தராமல் ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒப்புக்கொடுக்கும் பகுதி வரும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். சிறுமியாக இருந்தபோது அதை நான் கவனித்திருக்கிறேன். காரணம் புரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று.

அவருடைய வேலை பிடி அரிசியில் தொடங்கியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் அதைச் சபைக்குக் கொடுப்பது நம் சபைப் பெண்களின் பழைய வழக்கம். கையில் காசு புழங்காத பெண்களும் தங்கள் பங்கைச் செலுத்த அது ஒரு வழி. எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலுமாகப் பதினான்கு வீடுகளிலிருந்து அரிசியை வாங்கி வரும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை செல்ல வேண்டிய வேலைக்கு வாரம் ஒருமுறை சென்றார். "யக்கா, அரிசி இன்னும் சேரலயே" என்று சொன்னால், "அரிசிய யார் கேட்டா, உன் பையனுக்கு ஜுரம் விட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்.

அரிசிக் கணக்குக்கென்று ஒரு நோட்டு, சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்கும். ஒரு பக்கம் படிக்கணக்கு. எதிர்ப்பக்கத்தில் வேறு கணக்கு: 'மூன்று நாளாக வீட்டுக்காரர் வரவில்லை', 'பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, ஹால் டிக்கெட் வாங்கவில்லை', 'மாமியாருடன் பேச்சு இல்லை, இரண்டு பேரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்', 'குழந்தை தங்கவில்லை, யாரிடமும் சொல்லக் கூடாது'. 2015 டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லி அனுப்பியது இந்த நோட்டை வைத்துத்தான். பதினான்கு வீடுகளில் ஐந்து கிறிஸ்தவ வீடுகளே அல்ல. அவர்களும் அரிசி கொடுத்தார்கள்.

மெதடிஸ்ட் வரலாறு அறிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாகத் தோன்றும். 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டின் கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தருவது என்று முடிவானது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து வீடு வீடாகச் சென்று வாங்கினார். அப்படிச் சென்றவர்கள் யார் எப்படி வாழ்கிறார்கள், யாருக்கு என்ன துன்பம் என்பதை அறிந்து வந்து சொல்லத் தொடங்கியபோது, காசு வசூலிக்க ஏற்பட்ட ஏற்பாடு ஆத்துமாக்களை விசாரிக்கும் ஏற்பாடாக மாறியது. வகுப்புக் கூட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். பென்னி இருந்த இடத்தில் அரிசி இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. பட்டமோ தீர்மானமோ இல்லாமல் அம்மா எங்கள் தெருவின் வகுப்புத் தலைவராக இருந்தார் என்று நான் சொல்வது மகளின் மிகை அல்ல.

'நல்ல மனைவி' என்ற சொல்லைப் பற்றியும் எனக்குச் சொல்ல வேண்டியது உண்டு. மில் மூடப்பட்ட பிறகு அப்பா நான்கு ஆண்டுகள் கோயிலுக்கு வரவில்லை. அம்மா ஒருநாளும் அவரை இடித்துரைக்கவில்லை. வீட்டு ஜெபத்தில் அவருக்குப் பாயை மட்டும் விரித்து வைப்பார். ஆனால் அண்ணனின் திருமணப் பேச்சில் பெண் வீட்டாரிடம் அப்பா ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். பேச்சு முடிந்து பெரியவர் ஒருவர் ஜெபித்தபோது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. இரண்டு நாட்கள் அப்பா பேசவில்லை; மூன்றாம் நாள் அவரே பெண் வீட்டுக்குப் போய் அந்தத் தொகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னாவின் வாழ்க்கையிலும் சொல்லப்படாத ஓர் ஆமென் உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியமுக்காக, குருவானவரான கணவர் செய்த ஜெபத்துக்குச் சுசன்னா ஆமென் சொல்லவில்லை, அந்த மன்னரின் உரிமையை அவர் மனச்சாட்சி ஏற்கவில்லை. கணவர் கோபித்துக்கொண்டு சில மாதங்கள் பிரிந்தே போனார். திரும்பி வந்த பிறகு, 1703இல் பிறந்த பிள்ளைதான் ஜான். அன்னையர் தின ஆராதனைகளில் இதை நான் கேட்டதே இல்லை. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றார், ஒன்பது பேரைக் குழந்தைகளாகவே பறிகொடுத்தார், சமையல் மேலாடையைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்பதோடு பிரசங்கம் நின்றுவிடும். கணவர் லண்டனில் இருந்த 1711-12 குளிர்காலத்தில், எப்வொர்த் குருமனையில் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள். உதவிக் குருவானவர் புகார் எழுதினார். கணவர் நிறுத்தச் சொன்னபோது சுசன்னா பணிவோடும் உறுதியோடும் பதில் எழுதினார்: நிறுத்துவது உங்கள் விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகவே அனுப்புங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் நன்மை செய்யத் தவறிய குற்றம் என்மேல் இல்லாதபடி அது இருக்கட்டும். கட்டளை வரவில்லை. கூட்டம் நடந்தது.

அம்மாவுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. வியாழக்கிழமை தோறும் எங்கள் வீட்டில் நடந்த பெண்கள் ஜெபத்தில் அம்மா வேத வசனத்தை விளக்குவது முறையல்ல, சபைக் குழுவிலிருந்து ஆண் ஒருவர் வந்து நடத்த வேண்டும் என்று பொறுப்பிலிருந்த ஒருவர் சொல்லி அனுப்பினார். அம்மா கடிதம் எழுதவில்லை. "சரிங்கய்யா" என்றார். வியாழக்கிழமைக் கூட்டம் நின்றது. அரிசி வாங்கப் போகும் நேரம் இரண்டு மடங்காயிற்று. எந்த வசனத்தை எங்கள் முன்னறையில் விளக்கக் கூடாதோ, அதைப் பதினான்கு சமையலறைகளில் விளக்கினார். அவர் அதற்காகக் கசந்து பேசி நான் கேட்டதில்லை. நான் கசந்திருக்கிறேன், இன்னும் கசக்கிறது. 1761இல் சாரா கிராஸ்பி என்ற பெண் இருநூறு பேர் முன் பேச நேர்ந்தபோது தடுக்காதவர் ஜான் வெஸ்லி. அவர் மறைந்த பிறகு, 1803இல், பெண்கள் பொதுவில் பிரசங்கிக்கக் கூடாது என்று தீர்மானித்தது மெதடிஸ்ட் மாநாடு. அந்தத் தீர்மானத்தின் நிழல் புளியந்தோப்பு வரை நீண்டது என்றே நான் நினைக்கிறேன்.

கடைசி ஒன்றரை ஆண்டுகள் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை டயாலிசிஸ். அம்மாவால் படி இறங்க முடியாமல் போனபோது நான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பியதும் அரிசியை அவர் பார்க்கவே மாட்டார். யார் என்ன சொன்னார்கள், எந்தக் குரலில் சொன்னார்கள் என்று கேட்பார். "சிரிச்சிக்கினே சொன்னாளா? அப்போ நல்லா இல்ல. நாளைக்கு மறுபடி போ" என்பார். இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன். போதகர் வந்து சேர்வதற்குள் அந்தப் பதினான்கு வீட்டுப் பெண்களும் வந்து, அம்மாவின் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சுசன்னா 1742 ஜூலை 23 அன்று இறக்கும் முன், நான் விடுதலை பெற்றதும் தேவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டாராம். எங்கள் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு ஆராதனை ஒழுங்கு தயாரானது. அந்தப் பெண்களுள் ஒருவரையும் பேசச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. காசிமேடு கல்லறையில் தாத்தாவின் குழியிலேயே அம்மாவை வைத்தோம்.

ஆராதனையில் நீதிமொழிகள் 31 வாசிக்கப்பட்டது. குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய அந்த அதிகாரத்தில் கணவனும் பிள்ளைகளும் அவளைப் புகழும் வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள். அவள் நாவின்மேல் தயையுள்ள போதகம் இருக்கிறது என்ற வசனத்தை வாசித்தார்கள், விளக்கவில்லை. அவளுடைய செய்கைகள் ஊர் வாசல்களில் அவளைப் புகழட்டும் என்று முடியும் கடைசி வசனத்தை வாசிக்கவே இல்லை.

என் வேண்டுகோள் பெரியது அல்ல. சபையில் ஒரு பெண் இறந்தால், வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்காருகிறவர்கள் அவருடைய கணவரையும் மூத்த மகனையும் மட்டும் கேட்காமல், அவர் ஜெபித்த வீடுகளிலிருந்து இரண்டு பெண்களையாவது அழைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது எழுதப்பட வேண்டும், பீடத்திலிருந்து வாசிக்கப்பட வேண்டும், சபைப் பதிவேட்டில் சேர்க்கப்பட வேண்டும். ஆண்களுக்குச் செயலர், பொருளாளர், கட்டடக் குழு உறுப்பினர் என்று ஆண்டு வாரியாக எழுத நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் குழு கூடுகிறது. அம்மாவின் குறிப்பைப் புதிதாக எழுதியிருக்கிறேன். பதினான்கு வீடுகளிலும் உட்கார்ந்து கேட்டு எழுதியது. அப்பா ஒரு வரியைத் திருத்திக் கொடுத்தார். அதைக் குழுவின் முன் வைக்கப் போகிறேன். நோட்டையும் எடுத்துச் செல்ல நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதிலிருப்பவை அந்த வீடுகளின் ரகசியங்கள். அது ஆணியிலேயே தொங்கட்டும். அம்மாவின் கையெழுத்தில் அதிலுள்ள கடைசி வரி, கடைசி வீட்டு மருமகளின் பிரசவத் தேதி. அதற்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன.