பேரரசரின் முகத்தை வைத்தவர்கள்

கருங்கடலின் தென்கரையில், இன்று துருக்கியில் இருக்கும் டிராப்சோன் நகரத்தில், கி.பி. 130-களின் தொடக்கத்தில் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியனுக்கு ஒரு சிலை நின்றிருந்தது. மாகாணத்தைச் சுற்றிப் பார்க்கப் போன ஆளுநர் அர்ரியன், பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சிலையைப் பற்றி நயமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார். சிலை நிற்கும் விதம் நன்றாகத்தான் இருக்கிறது, கை கடலைச் சுட்டுகிறது. ஆனால் முகம் தங்களைப் போலவும் இல்லை, மற்றபடி அழகாகவும் இல்லை. ஆகவே தங்கள் பெயருக்குத் தகுந்த சிலை ஒன்றை அனுப்பிவைக்க வேண்டும் என்கிறார். பக்கத்திலிருந்த பலிபீடங்களில் கிரேக்க வாசகம் பிழையோடு வெட்டப்பட்டிருந்ததாம். அதை வெள்ளைக் கல்லில் புதிதாகச் செய்ய அவரே முடிவு செய்துவிட்டார்.

ரோமானியப் பேரரசர்களின் சிலைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கடிதம்தான். அச்சிலைகளைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது ஒரே சொல்: பிரச்சாரம். தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் தம் முகத்தைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்வித்து, மூலைமுடுக்கெல்லாம் அனுப்பி, குடிகளை மயக்கி வைத்திருந்தார் என்பது போன்ற ஒரு சித்திரம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. டிராப்சோனில் நடந்ததோ வேறு. உள்ளூரில் முந்திக்கொண்டு சிலையை வைத்துவிட்டார்கள். பேரரசரின் முகம் எப்படி இருக்கும் என்பதுகூட வைத்தவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அந்தச் சிலை குடிகளைப் பார்த்துப் பேசியதைவிடப் பேரரசரைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம் என்பது என் கருத்து. 'நாங்களும் இருக்கிறோம், எங்களையும் மறந்துவிட வேண்டாம்' என்பதே அது சொன்ன சேதி.

மேலிருந்து எதுவுமே வரவில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் பேரரசரான அகஸ்டஸின் சிலைகள் இருநூறுக்கும் மேல் இன்று கிடைத்திருக்கின்றன. ஸ்பெயினில் கிடைத்ததையும் துருக்கியில் கிடைத்ததையும் அருகருகே வைத்தால், நெற்றியில் விழும் முடிக்கற்றைகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருப்பதைக் காணலாம். நெற்றியின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கற்றை கவட்டை போல இரண்டாகப் பிரியும். அதற்குப் பக்கத்தில் இரண்டு கற்றைகள் கிடுக்கியின் வாய் போல ஒன்றை நோக்கி ஒன்று வளையும். மூக்கு உடைந்து, கன்னம் தேய்ந்து, ஆள் யாரென்றே தெரியாத தலையைக்கூட இந்த முடியை எண்ணித்தான் ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தலைநகரிலிருந்து களிமண்ணிலோ சாந்திலோ ஒரு மாதிரி வெளியே போயிருக்க வேண்டும், அதைப் பார்த்து ஊர்தோறும் சிற்பிகள் வெட்டியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆனால் மாதிரியைக் கொடுப்பது வேறு, சிலையை வைக்கச் சொல்வது வேறு. செலவழித்தவர்கள் பெரும்பாலும் ஊர்ச்சபைகள், பூசாரிகள், படைப்பிரிவுகள், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுக் கையில் நாலு காசு சேர்த்த வணிகர்கள்.

அகஸ்டஸின் சிலைகளில் மிகப் பெயர்பெற்றது, 1863-இல் ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில் அவருடைய மனைவி லிவியாவின் மாளிகையில் தோண்டி எடுக்கப்பட்டு இப்போது வத்திக்கானில் இருக்கும் பளிங்குச் சிலை. அதன் மார்புக் கவசத்தை மட்டும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நடுவில், ரோமின் கிழக்கு எதிரிகளான பார்த்தியரில் ஒருவர், கழுகு பொறித்த படைக்கொடியை ரோமானியர் ஒருவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். கி.மு. 53-இல் பார்த்தியரோடு நடந்த கார்ஹே போரில் ரோமானியத் தளபதி கிராசஸ் தோற்று உயிரையும் கொடிகளையும் பறிகொடுத்தார். அந்தக் கொடிகள் கி.மு. 20-இல் திரும்பி வந்தன. வந்தது போரினால் அல்ல, பேச்சுவார்த்தையினால். ஆனால் பேச்சுவார்த்தையைக் கவசத்தின் மேல் செதுக்கிவிட்டால் அது வெற்றியாகிவிடுகிறது. காலில் செருப்பில்லை, ஏனென்றால் தேவர்களும் வீரபுருஷர்களும் அப்படித்தான் நிற்பார்கள். வலக்காலை ஒட்டி டால்பின் மீது, வீனஸின் மகனான குட்டிக் கியூபிட் ஏறியிருக்கிறான். தம் குலம் வீனஸ் தேவியிடமிருந்து வந்தது என்று அகஸ்டஸைத் தத்தெடுத்த ஜூலியஸ் குடும்பம் சொல்லிக்கொண்டதற்கு அதுவே சான்றொப்பம். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. அகஸ்டஸ் எழுபத்தைந்து வயது முடிந்து எழுபத்தாறை எட்டும் தறுவாயில் இறந்தார். பல்வரிசை இடைவெளி விட்டுச் சொத்தையாகி இருந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். சிலைகளிலோ அவர் கடைசிவரை முப்பதைத் தாண்டவில்லை.

இதே அகஸ்டஸ் தம் சாதனைகளைப் பட்டியலிட்டுத் தம் கல்லறைக்கு முன்னால் வெண்கலத்தில் பொறிக்கச் சொன்ன வாசகத்தில், ரோம் நகரில் தமக்கு வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ எண்பது வெள்ளிச் சிலைகளைத் தாமே அகற்றி, அந்தப் பணத்தில் அப்பல்லோ கோயிலுக்குப் பொன்னால் காணிக்கை செய்ததாகக் குறிப்பிடுகிறார். இதைப் படிக்கிறவர்கள் அவருடைய அடக்கத்தை மெச்சுவார்கள், அல்லது அந்த அடக்கமும் ஒரு நடிப்பு என்பார்கள். எனக்கு உறைப்பது அந்த எண்பது. நின்ற கோலத்திலும் குதிரை மேலும் தேரிலுமாக எண்பது வெள்ளிச் சிலைகளை ஒரே நகரத்தில் வைத்தவர்கள் யார்? அவர் வைக்கவில்லை. அவரிடம் ஏதோ எதிர்பார்த்தவர்களும் அவருக்கு அஞ்சியவர்களும் வைத்தார்கள்.

எதிர்பார்த்தார்கள் என்பது என் ஊகம் மட்டுமல்ல. கி.பி. 41-இல் கிளாடியஸ் பட்டத்துக்கு வந்ததும் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரத்தார் தூதர்களை அனுப்பி, சிலைகள், கோயில், பூசாரி எனப் பலவற்றைத் தருவதாகச் சொன்னார்கள். அதற்குக் கிளாடியஸ் எழுதிய பதில் ஒரு பாப்பிரஸ் சுருளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. சில சிலைகளை ஏற்றுக்கொள்கிறார். கோயிலும் பூசாரியும் தெய்வங்களுக்கே உரியவை என்று மறுத்துவிடுகிறார். பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது: நகரத்தார் தங்களுக்கென ஓர் ஆட்சிமன்றம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதை விசாரித்துச் சொல்கிறேன் என்று ஆளுநரின் பக்கம் தள்ளிவிட்டு, யூதர்களோடு நடந்த கலவரத்துக்காகக் கடுமையாக எச்சரிக்கவும் செய்கிறார். சிலையும் மனுவும் ஒரே கட்டில் போயிருக்கின்றன.

ரோம் நகரின் பெரிய நினைவுச்சின்னங்களில் பலவற்றின் வாசகத்தைப் பாருங்கள். டைட்டஸ் வளைவில், டிராஜன் தூணில், கான்ஸ்டன்டைன் வளைவில் என எல்லாவற்றிலும் எழுவாய் 'செனட்டும் ரோமானிய மக்களும்' என்பதுதான். பேரரசர் தமக்குத் தாமே எதையும் கட்டிக்கொள்ளவில்லை, மற்றவர்கள் மனமுவந்து கட்டிக் கொடுத்தார்கள் என்ற பாவனை அதில் இருக்கிறது. பாவனைதான், ஆனால் முழுப்பொய்யும் இல்லை. கி.பி. 315-ஐச் சேர்ந்த கான்ஸ்டன்டைன் வளைவில், அவர் 'தெய்வத்தின் தூண்டுதலால்' வென்றார் என்று எழுதியிருக்கிறது. எந்தத் தெய்வம் என்று இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அவர் கிறித்தவரின் கடவுள் பக்கம் சாய்ந்திருந்தார்; செனட்டிலோ பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களே நிறைந்திருந்தார்கள். இரு தரப்புக்கும் நோகாமல் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்த அந்த எழுத்தரின் சாமர்த்தியத்தை நான் பலமுறை வியந்திருக்கிறேன். அதே வளைவில் பதித்த பழைய சிற்பங்களில் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் ஆரேலியஸ் ஆகியோரின் தலைகள் புதிய பேரரசரின் காலத்துக்கேற்ப மாற்றப்பட்டன என்பது தனிக்கதை.

டிராஜன் தூணைப் பற்றி ஒன்றே ஒன்று. ஏறக்குறைய 200 மீட்டர் நீளமுள்ள சிற்பப் பட்டை, இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உருவங்கள், டேசியாவில் (இன்றைய ருமேனியா) நடந்த போரின் முழுக்கதை என்று வியக்கிறோம். முதல் சில சுற்றுகளுக்கு மேல் கீழே நிற்பவரின் கண்ணுக்கு எதுவும் சரியாக எட்டாது. யாரும் முழுதாகப் படிக்க முடியாத சேதியைக் குடிகளுக்கான பிரச்சாரம் என்று எப்படிச் சொல்வது? அதிலும் அடிவாசகம் போரைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. இந்தக் கட்டுமானத்துக்காக எவ்வளவு உயரமான குன்று வெட்டி அகற்றப்பட்டது என்பதைக் காட்டவே தூண் நிறுத்தப்பட்டதாகச் சொல்கிறது.

அகஸ்டஸின் இளமை பொய், வெஸ்பாசியனின் வழுக்கை உண்மை என்று சிலர் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீரோ ஒழிந்து, கி.பி. 69-இல் ஒரே ஆண்டில் நான்கு பேர் அடுத்தடுத்து அரியணையில் இருந்த குழப்பத்துக்குப் பிறகு நிலைத்தவர் வெஸ்பாசியன். பெருங்குடியில் பிறந்தவரல்லர், தந்தை வரி வசூலித்தவர். அவருடைய சிலைகளில் வழுக்கைத் தலையும் நெற்றிக் கோடுகளும் தொங்கிய கன்னமும் அப்படியே இருக்கின்றன. பழைய குடியரசுக் காலத்துப் பெரியவர்கள் தங்கள் சுருக்கங்களையே பெருமையாகச் செதுக்கிக்கொண்டவர்கள். அந்த வழக்கத்துக்கு அவர் திரும்பினார். நீரோவின் சதை மடிப்புகளையும் சுருள்முடி அலங்காரத்தையும் பார்த்துச் சலித்த கண்களுக்கு இந்த முகம் என்ன சொன்னது என்பது தெளிவு: ஆடம்பரம் முடிந்தது, வேலை தெரிந்த கிழவர் வந்துவிட்டார். நீரோவின் பொன்மாளிகையில் ஏரி இருந்த இடத்தில்தான் கொலோசியம் எழுந்தது. சுருக்கமும் ஓர் ஒப்பனைதான், கொஞ்சம் விலை குறைந்த ஒப்பனை.

வைத்த கைகளே உடைத்த கைகளும் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது. கி.பி. 96-இல் டொமிஷியன் கொல்லப்பட்டதும் அவர் நினைவையே அழிக்கச் செனட் ஆணையிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து டிராஜனைப் புகழ்ந்து ஆற்றிய உரையில் செனட் உறுப்பினர் இளைய பிளினி, அந்தச் செருக்குப் பிடித்த முகங்களைத் தரையில் மோதியதும், அடிக்கு அடி குருதி வடியும் என்பது போல வாளாலும் கோடரியாலும் வெட்டியதும் எவ்வளவு ஆனந்தம் என்று விவரிக்கிறார். படிக்கும்போது அவர் என்னவோ டொமிஷியன் காலம் முழுவதும் தலைமறைவாக இருந்தவர் போலத் தோன்றும். உண்மையில் அதே டொமிஷியனின் கீழ்தான் அவர் படிப்படியாகப் பதவி உயர்ந்தார். எல்லாச் சிலையும் உடையவுமில்லை. பளிங்கு விலை கூடிய பொருள். ரோமில் கிடைத்த கான்செல்லேரியா புடைப்புச் சிற்பத்தில் டொமிஷியனின் தலையைச் சுற்றிலும் செதுக்கி, அடுத்து வந்த நெர்வாவாக்கிவிட்டார்கள். உடம்புக்குப் பொருந்தாமல் தலை சிறுத்துப் போயிருப்பது இன்றும் தெரிகிறது.

பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் இளைய மகன் கெட்டாவின் கதை இன்னும் கொடுமை. கி.பி. 211 டிசம்பரில் அண்ணன் கரகல்லா அவரைத் தாயின் மடியிலேயே கொல்வித்தார். பெர்லினில் இருக்கும், எகிப்திலிருந்து வந்த வட்டமான மரப்பலகை ஓவியத்தில், தந்தை செப்டிமியஸ் செவரஸ், தாய் ஜூலியா டோம்னா, இரு பிள்ளைகள் என்று நால்வர் இருந்தார்கள். இன்று மூன்று முகங்களே உண்டு. நான்காவது இடத்தில் கழுத்தும் உடையும் அப்படியே இருக்க, முகம் மட்டும் சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ரோமில் செவரஸ் வளைவின் நான்காவது வரியிலிருந்து கெட்டாவின் பெயரை எடுத்துவிட்டு, தந்தையையும் தமையனையும் புகழும் அடைமொழிகளைப் பொருத்தினார்கள். ஆனால் பழைய வெண்கல எழுத்துகளைப் பிடித்திருந்த ஆணித்துளைகளை அடைக்க முடியவில்லை. அந்தத் துளைகளைக் கொண்டு கெட்டாவின் பெயரை இன்று மீண்டும் படிக்க முடிகிறது.

எதிர்பார்ப்பும் அச்சமும் இல்லாத இடத்தில் இந்த முகங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கி.மு. 25-ஐ ஒட்டிக் குஷ் நாட்டுப் படைகள் எகிப்தின் தென் எல்லையைத் தாக்கி அகஸ்டஸின் சிலைகளைச் சாய்த்தன. அவற்றில் ஒன்றின் தலையைச் சூடானின் மெரோவுக்குக் கொண்டுபோய், ஒரு கோயிலின் படிக்கட்டுக்கு அடியில் புதைத்தார்கள்; உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதன் மேல் கால்வைத்துப் போக வேண்டும். 1910-இல் அது வெளியே வந்தபோது, கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் சேதமில்லாமல் விழித்துக்கொண்டிருந்தன. அவமதிக்கப் புதைத்ததால்தான் அது வெண்கலத்தை உருக்கும் உலைக்குத் தப்பியது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அகஸ்டஸுக்கு அடுத்து ஆண்ட திபேரியஸ் காலத்து ரோமில், பேரரசரின் முகம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குக் கொண்டுபோனதே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அந்தக் காசுகள் மிளகுக்கும் முத்துக்கும் விலையாகத் தமிழகத்துக்கு வந்தன. அகஸ்டஸ் தம் வாரிசுகளாகத் தத்தெடுத்த கையஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் வெள்ளிக்காசு தென்னிந்தியப் புதையல்களில் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்த இளைஞர்கள் இருவரும் கி.பி. 4-க்குள் இறந்துபோனார்கள், 'அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்கள்' என்ற சேதியோ வெள்ளிக்காகக் கைமாறிக்கொண்டே இருந்தது. 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல உண்டு. தேய்ந்த காசைப் புழக்கத்திலிருந்து நீக்கவே அப்படிச் செய்தார்கள் என்பது அவற்றில் ஒன்று. வெட்டியவருக்கு அந்த முகத்தின் மீது கோபமும் இருந்திருக்காது, பயமும் இருந்திருக்காது. உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த காசை எடுத்திருப்பார்.