இரண்டு முறை வராவிட்டால் பெயர் நீக்கப்படும்

மனநல விழிப்புணர்வு வாரம் வந்துவிட்டால் பல்கலைக்கழகங்களில் சுவரொட்டிகளுக்குக் குறைவே இருக்காது. ‘தயங்காதே, பேசு’ என்று ஒன்று. ‘உனக்காக நாங்கள் இருக்கிறோம்’ என்று இன்னொன்று. மேடை போடுவார்கள், உரையாற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். அதை நம்பி அடுத்த வாரம் ஒரு மாணவி ஆலோசனை மையத்துக்குப் போனால், முன்பதிவு இல்லாமல் பார்க்க முடியாது என்று பதில் வரும். முன்பதிவு எப்படிச் செய்வது? அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அலுவலக நேரத்தில் அவளுக்கு வகுப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரி இப்போது நேர ஒதுக்கீட்டுப் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

பாடம் நடத்துவதோடு வகுப்புப் பொறுப்பாசிரியர் வேலையும் பல ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாணவர்கள் உதவி கேட்கத் தயங்குகிறார்கள், அதனால்தான் சிக்கல் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். தயக்கம் உண்மைதான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அந்தத் தயக்கத்தையெல்லாம் தாண்டி வாசல்வரை வந்தவர்களை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பேச ஒருவருக்கும் மனமில்லை.

ஆலோசனை மையத்தில் ஒரு மாணவர் நிரப்பிய பதிவுப் படிவத்தைப் பார்த்தேன். ‘வருகைக்கான காரணம்’ என்ற இடத்தில் ஒரே ஒரு புள்ளிக்கோடு. அதற்குக் கீழே ஐந்து கட்டங்கள்: கல்வி, குடும்பம், உறவு, நிதி, பிற. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘ஏதேனும் ஒன்றை மட்டும் குறிக்கவும்’. அந்த மாணவரின் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இவர் இரவு வேலைக்குப் போகிறார், தூக்கம் கெட்டது, காலை வகுப்புகள் போயின, இரண்டு தாள்களில் தோல்வி, நெருங்கிய தோழியோடு பேச்சில்லை. இதில் எந்தக் கட்டத்தைக் குறிப்பது? அவர் ‘பிற’ என்று குறித்து, புள்ளிக்கோட்டில் ‘தலைவலி’ என்று எழுதியிருந்தார். முகப்பில் இருந்தவர் அதை உரக்கப் படித்துவிட்டு, “தலைவலிக்கு மருத்துவமனைக்குப் போங்க தம்பி, இது கவுன்சிலிங்” என்றாராம். பின்னால் வரிசையில் நான்கைந்து பேர். அவர் பேசாமல் திரும்பிவிட்டார். அவரைத் தயங்கியவர்கள் கணக்கில் சேர்ப்பதா?

மனச்சோர்வு ஒருவரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று பாருங்கள். ஒரு வேலையைத் தொடங்கும் சக்தி போகும். சின்ன முடிவு எடுப்பதும் மலைப்பாக இருக்கும். நடந்ததைக் கோவையாகச் சொல்ல வராது. காலையில் எழ முடியாது. தொலைபேசி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். இப்போது உதவி பெறும் முறையைப் பாருங்கள். தொலைபேசியில் அழை. படிவம் நிரப்பு. ஒரே கதையை முகப்பில் ஒருமுறை, முதல்கட்ட மதிப்பீட்டில் ஒருமுறை, பிறகு ஆலோசகரிடம் ஒருமுறை சொல். வாரக்கணக்கில் காத்திரு. காலை ஒன்பதரைக்குத் தவறாமல் வா. நோய் எதையெல்லாம் எடுத்துக்கொண்டதோ அதையெல்லாம் நுழைவுத் தகுதியாக வைத்திருக்கிறோம். இதற்கு மகுடம்தான் இந்தப் பதிவின் தலைப்பில் இருக்கும் விதி. அதை ஒரு மையத்தின் அறிவிப்புப் பலகையிலேயே படித்தேன். படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்பதற்காகச் சிகிச்சைக்குப் பதிந்தவர், படுக்கையை விட்டு எழவில்லை என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் வராமல்போன நேரம் இன்னொருவருக்குக் கிடைத்திருக்கும். ஆள் பற்றாக்குறையும் உண்மை. உலக சுகாதார அமைப்பு சார்ந்த ஆய்வு ஒன்று 8 நாடுகளில் 19 உயர்கல்வி நிறுவனங்களின் முதலாண்டு மாணவர்கள் ஏறத்தாழ 14,000 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியானது. முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுக்கான அறிகுறிகள் இருந்தவர்கள் அதில் 31 சதவீதம். இன்னொரு பக்கம், பல்கலைக்கழக ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் பன்னாட்டு அமைப்பு, 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகராவது வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால், அந்த அளவுகோலை எட்டிய இடத்திலும் ஓர் ஆலோசகருக்கு முந்நூறு, நானூறு பேர். எல்லோரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கட்டமைப்பே நிற்கிறது. சுவரொட்டியோ எல்லோரையும் வா வா என்கிறது.

வயதைப் பொறுத்தவரையும் இது தற்செயல் அல்ல. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, பல்கலைக்கழகம் என்பது நோய் தலைகாட்டும் வயதில் இருப்பவர்களை ஆயிரக்கணக்கில் ஒரே வளாகத்தில் கூட்டி வைத்திருக்கும் இடம். ஆலோசனை மையத்தை மரம் நடுவிழாவோடு சேர்த்து ‘மாணவர் நலச் செயல்பாடுகள்’ என்ற தலைப்பில் எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். நூலகத்துக்கு நேரம் நீட்டிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதற்கும் தெரியும்.

அடுத்து, அந்த ஒன்பதாவது கேள்வி. பல மையங்களில் முதலில் கையில் தரும் தாள், மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பிஎச்க்யூ-9 என்ற வினாப்பட்டியல். 2001இல் வெளியானது. கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, ஆர்வம், கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். அது நோயை முடிவுசெய்வதில்லை, ஒரு சல்லடை மட்டுமே. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. மாணவர்கள் பலர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு 0 போடுகிறார்கள். 1 போட்டால் வீட்டுக்குத் தகவல் போகும், விடுதியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

பயிற்சி பெற்ற ஆலோசகர் 1 என்ற எண்ணைப் பார்த்ததும் பதறமாட்டார். எண்ணம் மட்டுமா, திட்டமும் உண்டா, எவ்வளவு அடிக்கடி, எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று நிதானமாகக் கேட்பார். பிறகு, நெருக்கடி நேரத்தில் யாரை அழைப்பது, எங்கே போவது, ஆபத்தான பொருட்களை எப்படி அப்புறப்படுத்துவது என்று இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள். இப்படிக் கேட்பது தற்கொலை எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன மாணவரை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பும் நிறுவனங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஒருவரை அப்படி அனுப்பினால் போதும், அந்த விடுதியில் எல்லோரும் 0 போடக் கற்றுக்கொள்வார்கள்.

இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இன்றிரவே நெருக்கமாக இருந்தால், மையம், படிவம், முன்பதிவு எதுவும் வேண்டாம். அறைத்தோழரை எழுப்புங்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே போங்கள். தனியாக மட்டும் இருக்காதீர்கள்.

ரகசியம் காப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலோசகரிடம் சொல்வது வெளியே போகாது என்பது பொது விதி. உயிருக்கு உடனடி ஆபத்து, பிறருக்கு ஆபத்து, சிறார் மீதான வன்முறை, நீதிமன்ற உத்தரவு போன்றவை வழக்கமான விதிவிலக்குகள். பிறருக்கு ஆபத்து என்ற விதிவிலக்கு வலுப்பட்டதே ஒரு பல்கலைக்கழக மையத்தில் நடந்ததை ஒட்டித்தான். சிகிச்சையில் இருந்த மாணவர் ஒருவர் தான் கொல்லப்போவதாகச் சொன்ன பெண்ணை உண்மையாகவே கொன்றுவிட, அந்தப் பெண்ணைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும். எனவே முதல் சந்திப்பில் கதையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: குறிப்புகளை யார் பார்ப்பார்கள்? துறைக்குப் போகுமா? என்னைக் கேட்காமல் எந்தச் சூழலில் என் பெற்றோரிடம் பேசுவீர்கள்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டதற்கு முகம் சுளிக்கும் ஆலோசகர் வேறு வேலை பார்க்கலாம்.

இங்கே என் சக ஆசிரியர்கள் என்மீது கோபப்படப்போகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகரை நியமிக்கக் காசில்லாத இடங்களில் ஆசிரியர்களுக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ‘வழிகாட்டி ஆலோசகர்’ என்று பட்டம் சூட்டுகிறார்கள். இது தவறு. அக மதிப்பெண் போடுவது நான். வருகைப் பதிவில் கையெழுத்திடுவது நான். பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் நான். என்னிடம் ஒரு மாணவி மனதைத் திறந்து பேசினால், அடுத்த நாள் வகுப்பில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு அவள் மனதில் ஓடும். என்னால் செய்ய முடிந்தது வேறு. கவனிக்கலாம். “சில வாரங்களாக நீங்கள் நீங்களாக இல்லை, வாருங்கள் மையத்துக்கு நானும் வருகிறேன்” என்று சொல்லலாம். என் அறைத் தொலைபேசியிலேயே முன்பதிவு செய்து கொடுக்கலாம். காலக்கெடுவைத் தள்ளிவைக்கலாம். ஆசிரியரின் வேலை அந்த நாற்காலிவரை கொண்டுபோய் விடுவது, அதில் தானே உட்காருவது அல்ல.

இப்போது மாணவர்கள் நள்ளிரவில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இது புதிதல்ல. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற எளிய கணினி நிரல், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதனோடும் மனிதர்கள் அந்தரங்கம் பேசியதைக் கண்டு அவரே திகைத்துப்போனார். ஆபத்தான நிலையில் இருப்பவரை ஒரு செயலியிடம் விட்டுவிட எனக்குத் துணிவில்லை. ஆனால் மாணவர் ஏன் அங்கே போகிறார் என்று பார்த்தால் காரணம் வெட்கக்கேடானது. அங்கே படிவம் இல்லை. முகப்பில் யாரும் உரக்கப் படிப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கிறது.

போகப்போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். பெரும்பாலும் பல்கலைக்கழக ஆலோசகர் மருந்து எழுத மாட்டார், அது மனநல மருத்துவரின் வேலை. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், தூக்கக் குழப்பம் போன்ற பக்கவிளைவுகள் பலன் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். இதை யாரும் சொல்லாததால் முதல் வாரத்திலேயே மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். நிறுத்துவதென்றால் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகத்தான். தேர்வு நெருங்க நெருங்க வரிசை நீளும், எனவே பருவத் தொடக்கத்திலேயே பதிவது நல்லது. கோவையாகப் பேச வராது என்று தெரிந்தால், எப்போதிலிருந்து, எதைச் செய்ய முடியவில்லை, உறக்கமும் உணவும் எப்படி என்று மூன்று வரி எழுதிக்கொண்டு போய்த் தாளை அப்படியே நீட்டுங்கள். நண்பரைக் கூட அழைத்துப் போகலாம். பார்த்த ஆலோசகர் ஒத்துவரவில்லையா, மாற்றித் தரக் கேளுங்கள். இருவருக்கும் இடையில் அமையும் நம்பிக்கைக்கும் சிகிச்சையின் பலனுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர் வருத்தப்படுவாரே என்று ஆறு அமர்வுகளை வீணாக்க வேண்டாம்.

மாணவர் பேரவையில் இருப்பவர்கள் அடுத்த விழிப்புணர்வு வாரத்துக்குப் பலூன் வாங்கும் முன் நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள். சராசரிக் காத்திருப்பு எத்தனை நாள் என்று மாதந்தோறும் வெளியிடுவார்களா? தொலைபேசியில் பேச முடியாதவர் குறுஞ்செய்தியில் முன்பதிவு செய்ய முடியுமா? மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஓர் அறையாவது திறந்திருக்குமா? வராமல்போனவரின் பெயரை அடிக்கும் முன் ஒருவர் அழைத்து ‘என்ன ஆயிற்று’ என்று கேட்பாரா? கடைசிக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் நான் எழுப்பியபோது, அதற்குத் தனியாக ஆள் வேண்டுமே என்றார்கள். சுவரொட்டி ஒட்ட ஆள் கிடைத்தது. உங்கள் இடத்தில் யாராவது இதைச் செய்துகாட்டியிருந்தால் எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.