பூட்டிக் கிடக்கிற பியானோவும் ஓகஸ்ட் விடுமுறையும்

போன வருடம் கனடாவில் இருந்து என் பெறாமகள் வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றாள். பதினேழு வயது. விமானம் ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்தான் அங்கே ஒரு கோடைகால பியானோ முகாமை முடித்திருந்தாள். காலையில் ஆசிரியரிடம் தனிப்பாடம், பிறகு சின்ன அறை ஒன்றுக்குள் நாலு மணித்தியாலம் சாதகம், பின்னேரம் எல்லாரும் கூடியிருக்க ஒருவர் வாசித்து ஆசிரியர் திருத்துகிற வகுப்பு, இரவானால் கச்சேரி. "அங்க என்ன படிச்சாய்?" என்று கேட்டேன். "நான் வாசிச்சதை விட மத்தப் பிள்ளைகள் வாசிச்சதைக் கேட்டதுதான் கூட, சின்னம்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

நான் 22 வருடமாக மட்டக்களப்புப் புளியந்தீவில் வீட்டில் வைத்து பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள், அரை மணித்தியாலம் இருப்பார்கள், போய்விடுவார்கள். வாசலில் ஒருத்தி செருப்பைக் கழற்றும்போது மற்றவள் மாட்டிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருக்கிற பழக்கம். நாலு வருடம் என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒருவர் வாசித்து மற்றவர் ஒருநாளும் கேட்டதில்லை. பாடுகிற பிள்ளைக்குத் தேவாலயத்தில் பாடகர் குழு இருக்கிறது. மிருதங்கம் படிக்கிற பிள்ளை பாட்டுக்காரரோடு உட்காருகிறது. பியானோ படிக்கிற பிள்ளைதான் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கிறது.

அதற்கு மேல் பரீட்சை. தை மாதம் மூன்று உருப்படிகளைத் தொடங்கினால் பரீட்சை முடியும்வரை அதே மூன்றுதான். பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. என் பிள்ளைகளையும் அனுப்புகிறேன், ஒழுங்காகப் படிக்க அது உதவுகிறது. ஆனால் கிரேட்டுக்கு மூன்றாக எட்டாம் கிரேட் முடித்த பிள்ளைக்கு மொத்தமாக 24 உருப்படிகள் மட்டும் தெரியும் என்றால் அது என்ன படிப்பு? கதைப் புத்தகமே வாசிக்காமல் பாடப் புத்தகத்தை மட்டும் பாடமாக்கி வளர்ந்த பிள்ளை மாதிரி.

கோடை முகாம் என்பது வெள்ளைக்காரர் காசு செலவழிக்கக் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் 1869 தொடக்கம் கோடை காலங்களில் ஜெர்மனியின் வைமார் நகரத்தில் வந்து தங்கிப் படிப்பித்தார், 1886இல் சாகும்வரை. பின்னேரம் அவர் வீட்டில் மாணவர்கள் கூடுவார்கள். கொண்டுவந்த இசைத்தாள்களை பியானோவின் மேல் அடுக்கிவைப்பார்கள். அவர் அதில் ஒன்றைத் தெரிந்தெடுப்பார். அதைக் கொண்டுவந்தவர் எல்லாருக்கும் முன்னால் இருந்து வாசிக்க வேண்டும். லிஸ்ட் அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை. சின்ன வயதில் வியன்னாவில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த செர்னியும் அவரிடம் காசு வாங்க மறுத்தவர். அந்தச் செர்னி பேத்தோவனின் மாணவர். நம் ஊரில் இதைக் குருகுலம் என்போம்.

பிறகு இது பெரிதாக வளர்ந்தது. 1940இல் அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி கோடைப் பயிற்சி மையம் தொடங்கினார். பிறகு பேர்போன இசைக்குழு நடத்துநராக வந்த லெனார்ட் பேர்ன்ஸ்டைன் முதல் வருட மாணவர்களில் ஒருவர். 1949இல் அஸ்பன், 1994இல் சுவிஸ் மலையில் வெர்பியர். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய மார்ல்பரோ. பியானோக் கலைஞர் ருடொல்ப் சேர்கின் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே பேர்போன கலைஞரும் இருபது வயதுப் பிள்ளையும் ஒரே குழுவில் இருந்து கிழமைக்கணக்கில் ஒரே படைப்பைப் பழகுவார்கள். சேர்ந்து வாசிப்பதற்கு முதல் தேவை மற்றவரைக் கேட்பது. நம் நாட்டில் பிறந்த ரொஹான் டி சில்வாவைப் பாருங்கள். பேர்ல்மனின் வயலினுக்கு உலகம் முழுக்கப் பக்கவாத்தியமாக பியானோ வாசிக்கிறவர். இன்னொருவரின் வில் எங்கே மூச்சு எடுக்கிறது என்று காது கொடுப்பதுதான் அவருடைய வேலையில் பாதி.

சரி, இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் ஒரு மண்டபத்தில் நல்ல பழைய பியானோ ஒன்று கிடக்கிறது. எந்த மண்டபம் என்று எழுதப் போவதில்லை. மூடியைப் பூட்டி, மேலே ஒரு விரிப்புப் போட்டு, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். முன்பு உண்மையான பூ வைத்திருக்க வேண்டும், பலகையில் தண்ணீர் வட்டம் வட்டமாக ஊறின அடையாளம் இருக்கிறது. பிள்ளைகள் பழக நான் சாவி கேட்டு ஐந்து வருடம். "பிள்ளைகள் உடைச்சுப் போடுவாங்கள்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். பெறாமகள் வந்து நின்ற நேரம் எப்படியோ ஒரே ஒரு காலைக்குச் சாவி கிடைத்தது.

எட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒருத்தியை அவளுடைய அப்பா வாழைச்சேனையில் இருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தார். வீட்டில் 61 கட்டைகள் உள்ள கீபோர்டில் படிக்கிறவள். என்னிடம் வரும் நாட்களிலும் கீபோர்ட் பழக்கத்தில் ஓங்கித்தான் குத்துவாள். பெறாமகள் அவளிடம், "உன்னால ஏலுமான அளவுக்கு மெதுவா அமத்து" என்றாள். அவள் அமத்தினாள். கட்டை கீழே போனது, ஒன்றும் கேட்கவில்லை. "சத்தம் வருதில்ல மிஸ்" என்று என்னைப் பார்த்தாள், முகம் சுருங்கிப் போனது, உடைத்துவிட்டேனோ என்ற பயம்.

பெறாமகள் எழும்பி பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். உள்ளே சுத்தியல்கள் வரிசையாக, கம்பளித் தலையோடு. "இப்ப திரும்ப அமத்து, இங்க பார்." சுத்தியல் மெல்ல எழும்பிக் கம்பிக்கு ஒரு நூல் இடைவெளி வரைக்கும் போய், தொடாமலே திரும்பி விழுந்தது. கடைசித் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே பறந்துதான் கடக்க வேண்டும், விரல் அதைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. இந்த வாத்தியத்தின் முழு இரகசியமும் அதுதான். 1700 அளவில் புளோரன்ஸில் பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்தோபோரி செய்து முடித்த வேலை அது. எட்டுப் பிள்ளைகளும் கதிரையை விட்டு எழும்பி பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். வாழைச்சேனைப் பிள்ளை அதே கட்டையை முப்பது தடவையாவது அமத்தியிருப்பாள். சத்தம் வராத இடத்துக்கும் வருகிற இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய ஒலி பிறந்தது. நான் 22 வருடம் "மெதுவா, மெதுவா" என்று வாயால் சொன்னதை அவள் ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துக் கற்றாள்.

அப்புறம் இரண்டு பிள்ளைகள் ஒரே உருப்படியை வாசித்தார்கள். பியானோ தொடங்கும் எல்லாப் பிள்ளைகளும் தொடுகிற அந்த ஜி மேஜர் மினுவெட். (இசையமைப்பாளர் பாக் எழுதியது என்று நாங்கள் எல்லாரும் படித்தோம். பாக் தன் மனைவிக்காகத் தொடங்கிய 1725ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் இருந்ததால் வந்த குழப்பம். எழுதியவர் டிரெஸ்டனில் ஆர்கன் வாசித்த பெற்சோல்ட். பிள்ளைகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.) முதலாமவள் துள்ளித் துள்ளி வாசித்தாள். இரண்டாமவள் இழுத்து, பாடுகிற மாதிரி. முடிந்ததும் முதலாமவள் கேட்டாள்: "இப்பிடியும் வாசிக்கலாமா?" இந்தக் கேள்வியை என் வீட்டில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்பதற்கு வழியே இல்லை, அங்கே இரண்டாமவள் இருந்ததில்லை.

ஒரு அம்மா மட்டும் வெளியே வைத்து என்னிடம் குறைப்பட்டார். "எல்லாருக்கும் முன்னுக்கு வச்சி பிழை சொன்னா புள்ள வெக்கப்படும்தானே மிஸ்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை யோசிக்காமல் விடமுடியாது. திருத்துகிறவர் வாயில் விஷம் இருந்தால் பிள்ளை அதோடு விட்டுவிடும். ஆனால் மட்டக்களப்பார் இப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். நம் கிராமங்களில் கூத்துப் பழகுவது எப்படி? வட்டக் களரி, இரவு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், ஆடுகிறவனின் தாளம் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்துவார், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். சதங்கை அணிந்து அரங்கேற்றம் வருவதற்குள் சுற்றியிருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் எல்லாருடைய பாட்டும் பாடமாகிவிடும். களரிக்கு வெளியே நின்றவன்தான் அடுத்த முறை உள்ளே வருகிறான். வைமாரில் லிஸ்ட் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைக்கு வெட்கம் வருவது ஒரே ஒருத்தியைத் திருத்தும்போது. எட்டுப் பேரையும் திருத்தினால் அது பழக்கம்.

"இது எங்கட இசை இல்லையே, ஏன் இவ்வளவு பாடு?" என்றும் கேட்கிறார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இளமையில் மட்டக்களப்பில் மிசனரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்தக் கணக்கறிவோடுதான் பழந்தமிழ் யாழைத் தேடிப் போய் 1947இல் யாழ் நூலைத் தந்தார். கம்பி அதிர்வதற்கு ஒரே கணக்குத்தான், யாழில் கட்டினாலும் பியானோவில் கட்டினாலும். அவர் நடந்த ஊரில் இந்தக் கேள்வியை நான் பெரிதாக எடுப்பதில்லை.

காசுதான் உண்மையான பிரச்சினை. வெளிநாட்டு முகாம்களின் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும், விசாவை விடுங்கள். அதனால் நம் பிள்ளைகளை அங்கே அனுப்புவது பற்றி நான் கதைக்கவில்லை, முகாமை இங்கே கொண்டுவருவது பற்றிக் கதைக்கிறேன். அதற்கு வெளிநாட்டுப் பெயர்களும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், சான்றிதழ் கட்டாயம் வேண்டாம். சான்றிதழ் என்றால் உடனே முதலாம் இடம், இரண்டாம் இடம் வந்துவிடும். பத்துப் பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள், ஒழுங்காகச் சுருதி சேர்த்த ஒரு பியானோ, பத்து நாள்.

அந்த ஒழுங்கான பியானோ கிடைப்பதுதான் இங்கே கஷ்டம். உள்ளே கிட்டத்தட்ட 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 18, 20 தொன் பாரத்துக்கு இழுத்துக்கொண்டு நிற்கின்றன. நம் மாரியில் பலகை ஈரம் குடித்து ஊதும், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காய்ந்து சுருங்கும். வாவிப் பக்கத்து வீடுகளில் கம்பியில் கறள் வேறு. என்னுடைய பியானோவில் ஒரு கட்டை ஒவ்வொரு மார்கழியும் கீழே போனால் மேலே வராது. சுருதி சேர்க்கிறவரைக் கொழும்பில் இருந்து கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் ஒரு பியானோவுக்காக உதயதேவி ரயிலில் ஒரு முழுப் பகலும் இருந்து வந்து போனால் யாருக்குக் கட்டும்? நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பயணத்தில் கூப்பிட்டால் கட்டும். பூட்டி வைத்தால் பியானோ பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இதை வணக்கமாகச் சொல்கிறேன்: வாசிக்காத பியானோவின் கம்பளியைப் பூச்சி தின்னும். சென்ற முறை முன்பலகையைக் கழற்றியபோது அந்த மண்டபத்துச் சுத்தியல்களில் மேல்கட்டைகள் பக்கம் ஏற்கனவே ஓட்டை விழுந்திருந்ததை நான் பார்த்தேன்.

இந்த ஓகஸ்ட் விடுமுறையில் என் வீட்டு முன்விறாந்தையில் தொடங்கப் போகிறேன். காலை ஆறரைக்கு, வெக்கை ஏறுவதற்கு முன். பத்தரைக்கு முடியும். கட்டணம் இல்லை. பரீட்சைப் புத்தகம் கொண்டுவர வேண்டாம், வேறு எதுவும் கொண்டுவரலாம். கீபோர்டில் மட்டும் படித்த பிள்ளைகள் முதலில் வரட்டும். அம்மா அப்பாமாரும் இருந்து கேட்கலாம், கதிரை குறைவு, பாய் இருக்கிறது. மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ யாருடைய வீட்டிலாவது, பள்ளிக்கூடத்திலாவது, தேவாலயத்திலாவது பியானோ பூட்டிக் கிடந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஆடி முடிவதற்குள் ஐந்து பேர் சேர்ந்தால் சுருதி சேர்க்கிறவரை இரண்டு நாளுக்குக் கூப்பிடலாம், அவருக்கான சாப்பாடும் தங்குமிடமும் எங்கள் வீட்டில்.